குண்டு போட்டவர் கையில் ஒரு கைப்பிரதி



இந்த மாதம் ஒரு விமானியைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று என் உள்ளத்தில் ஏவப்பட்டேன். பேர் மிட்சுவோ ஃபுச்சிடா. ஜப்பான் தேசத்துக்காரர். சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். "பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டவன் ஒரு கைப்பிரதியை வாசித்தான், இரட்சிக்கப்பட்டான், அல்லேலூயா!" என்று கூட்டங்களில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். அவ்வளவு லேசாக அது நடக்கவில்லை, தேவ ஜனமே. அந்தக் கைப்பிரதி அவர் கைக்கு வருவதற்கு முன்னே எத்தனை பேர் இரத்தம் சிந்தினார்கள், எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள் என்று பார்த்தால்தான் இந்தச் சாட்சியின் எடை தெரியும்.

1902 டிசம்பரில் ஜப்பானில் நாரா என்கிற பகுதியில் அவர் பிறந்தார். கடற்படைக் கல்லூரியில் படித்து 1924 இல் வெளியே வந்தார். அதே வகுப்பில் மினோரு கெண்டா என்று இன்னொரு வாலிபன். இரண்டு பேரும் சிநேகிதர்கள், இரண்டு பேருக்கும் ஆகாயத்தின்மேல் ஆசை. இந்தக் கெண்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கடற்படை ஹவாய் தீவில், பேர்ல் துறைமுகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. திட்டத்தை நுணுக்கமாகப் போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கெண்டா. முதல் அலையாகப் போன 183 விமானங்களுக்குத் தலைவர் ஃபுச்சிடா. அன்றைக்கு விமானத்தை ஓட்டியது அவர் அல்ல, வேறொரு அதிகாரி. இவர் நடு இருக்கையிலிருந்து எல்லாரையும் நடத்தினார். காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னே, "டோரா, டோரா, டோரா" என்று கம்பியில்லாத் தந்தியில் செய்தி போயிற்று. டோரா என்றால் அவர்கள் பாஷையில் புலி. எதிரி அறியாத நேரத்தில் பிடித்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளச் சொல். அன்றைக்கு இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அரிசோனா என்கிற ஒரே கப்பலில் மட்டும் 1,177 பேர். அத்தனை பேருக்கும் ஒரு தாய் இருந்தாள்.

இது எங்கேயோ அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த சண்டை, நமக்கென்ன என்று நினைக்காதிருங்கள். நாலே மாதத்தில் அதே மனுஷன் நம் வாசலுக்கு வந்தார். 1942 ஏப்ரல் 5. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், அதிலும் ஈஸ்டர் ஞாயிறு! கொழும்பில் ஜனங்கள் உயிர்த்தெழுந்த கர்த்தரை ஆராதிக்கிற காலை நேரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களை நடத்திக்கொண்டு ஃபுச்சிடா வந்தார். துறைமுகத்தில் குண்டு. அங்கொடையில் புத்தி சுவாதீனமில்லாதவர்களை வைத்திருந்த ஆஸ்பத்திரியிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 ஆம் தேதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. இதற்கிடையில் ஏப்ரல் 6 இல் விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்ததால், மெட்ராஸ் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். "எவாக்குவேஷன்" என்று நம் தாத்தா பாட்டிமார் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நம் வீட்டுப் பெரியவர்களை வீட்டைவிட்டு ஓடவைத்த அந்தக் கப்பற்படையின் விமானத் தலைவர்தான், பின்னாளில் வேதாகமத்தைக் கையில் பிடித்து மேடையில் நின்றவர்.

1942 ஜூனில் மிட்வே தீவுக்குப் பக்கத்தில் ஜப்பானியருக்குப் பெரிய தோல்வி. ஃபுச்சிடா அந்த யுத்தத்தில் பறக்கவில்லை. கப்பலிலேயே குடல்வால் ஆப்பரேஷன் ஆகிப் படுத்திருந்தார். கப்பல் தீப்பிடித்து எரிந்தபோது தப்ப முயன்று கால்களை முறித்துக்கொண்டார். யுத்தத்தின் முடிவில், 1945 ஆகஸ்டில், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுவதற்கு முந்தின நாள் வரை தான் அந்த ஊரில் இருந்ததாகவும், அவசரமாக வரச்சொல்லி அழைப்பு வந்ததால் புறப்பட்டுப் போனதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். "பார்த்தீர்களா, கர்த்தர் அவரை எப்படிக் காப்பாற்றினார்!" என்று இந்த இடத்தில் பிரசங்கிமார் சத்தத்தை உயர்த்துவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அந்த ஒரு பட்டணத்தில் ஏறக்குறைய 1,40,000 பேர் செத்தார்கள். அவர்களை யார் காப்பாற்றவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்லிவிட்டு அப்புறம் அல்லேலூயா போடலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தைப் பற்றி ஃபுச்சிடா எழுதினதிலும் பேசினதிலும் சில காரியங்கள் சரியல்ல என்று சரித்திர ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு காட்டியிருக்கிறார்கள். மிட்வே யுத்தத்தைப் பற்றி அவர் சொன்னதை அவர் தேசத்துச் சரித்திரக்காரர்களே மறுத்தார்கள். மறுபடி பிறந்த மனுஷனுக்கும் பழைய பட்டாளத்துக்காரனின் பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. நம் சுவரொட்டிகளைப் பாருங்களேன்! "முன்னாள் மந்திரவாதி", "முன்னாள் கொள்ளைக்காரன்", "முன்னாள் சினிமா நடிகர்". வருஷத்துக்கு வருஷம் அந்த முன்னாள் பாவம் பெருசாகிக்கொண்டே போகிறது. சாட்சிக்கு உப்புப் போடலாம், மாவைப் போட்டுப் பிசையக்கூடாது. நான் கீழே சொல்லப்போகிற காரியத்துக்கு ஃபுச்சிடாவின் வாய்வார்த்தை மட்டும் ஆதாரமல்ல. வேறே ஒரு மனுஷனுடைய உடம்பிலே பட்ட அடியும் அதற்குச் சாட்சி.

யுத்தம் முடிந்தது. நாற்பத்திரண்டு வயதில் சீருடையைக் கழற்றிவிட்டுச் சொந்தப் பக்கத்துக்குப் போய் மண்வெட்டி பிடித்தார் ஃபுச்சிடா. வெற்றி பெற்றவர்கள் ஜப்பானிய அதிகாரிகளை யுத்தக் குற்றவாளிகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவரையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இவருக்குள்ளே ஒரே கொதிப்பு. கைதிகளைக் கொடுமைப்படுத்தினது நாங்கள் மட்டுந்தானா, அமெரிக்கர் என்ன யோக்கியர்களா? இதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று, 1947 இல் அமெரிக்கச் சிறையிலிருந்து திரும்பி வந்த ஜப்பானியக் கைதிகளைத் துறைமுகத்துக்கே போய்ச் சந்தித்தார். உங்களை அடித்தார்களா, பட்டினி போட்டார்களா என்று விசாரிக்கத்தான் போனார். அங்கே செத்துப்போனதாக எல்லாரும் நினைத்திருந்த தன் பழைய விமானப் பொறியாளரைக் கண்டார்! அந்த ஆள் சொன்ன கதையோ இவர் தேடிப்போனதற்கு நேர் எதிர்.

அமெரிக்காவில் அவர்கள் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு இளம்பெண் வருவாளாம். பேர் பெகி கோவெல். ஜப்பானியக் கைதிகளுக்குப் பணிவிடை செய்வாள், வேண்டியதை வாங்கி வந்து கொடுப்பாள். இவர்களுக்கு ஒரே ஆச்சரியம். எங்களுக்கு ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, ஜப்பானியச் சிப்பாய்கள் என் அப்பா அம்மாவைக் கொன்றுபோட்டார்கள், அதனால்தான் என்றாளாம்.

பிரியமானவர்களே, இந்தப் பதிலை இன்னொரு முறை வாசியுங்கள். கொன்றும்கூடச் செய்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. கொன்றதால் செய்கிறேன் என்றாள்.

அவள் பெற்றோர் பாப்டிஸ்டு மிஷனெரிகள். ஜப்பானில் நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் கற்பித்தவர்கள், அந்த ஜனங்களை நேசித்தவர்கள். யுத்தம் நெருங்கினபோது பிலிப்பைன்ஸ் தீவுக்கு மாறிப்போனார்கள். அங்கே பனாய் என்ற தீவின் காட்டுக்குள் மற்ற மிஷனெரிகளோடு ஒளிந்திருந்தபோது, 1943 டிசம்பரில் ஜப்பானியப் படை அவர்களைக் கண்டுபிடித்தது. பதினொரு அமெரிக்க மிஷனெரிகள் அங்கே கொல்லப்பட்டார்கள். சாகுமுன் ஜெபிக்கக் கொஞ்ச நேரம் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. மகளுக்குச் செய்தி வந்தபோது அவளுக்கும் நம்மைப்போலவே கசப்புதான் வந்தது. பிறகு அவளுக்குள் ஒரு கேள்வி. அந்தக் கடைசி நேரத்தில் அப்பாவும் அம்மாவும் எதைக் கேட்டு ஜெபித்திருப்பார்கள்? அதைத் தனக்குள் யோசித்து யோசித்து, கடைசியில் எழுந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஃபுச்சிடாவுக்கு இது விளங்கவேயில்லை. அவர் வளர்ந்த நெறியில் பெற்றோரைக் கொன்றவனைப் பழிவாங்குவது பிள்ளைக்குக் கடமை. செய்யாத பிள்ளைதான் வெட்கப்பட வேண்டும். நாம் மட்டும் என்ன? நம் ஊரிலே "அப்பனுக்குப் பிறந்தவனா நீ?" என்று கேட்டு எத்தனை வீட்டில் அரிவாளைத் தூக்கவைத்திருக்கிறார்கள்!

இந்தக் குழப்பத்தோடே 1948 இல் டோக்கியோவில் ஷிபுயா ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினார். ஒருவர் நின்று கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கினார். "நான் ஜப்பானின் கைதியாயிருந்தேன்" என்று தலைப்பு.

(வாலிபப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. கைப்பிரதி ஊழியத்துக்கு வாங்க என்றால், "அதை யார் பாஸ்டர் வாசிக்கிறாங்க, கசக்கிப் போட்டுட்டுப் போறாங்க" என்கிறீர்கள். கசக்கிப் போடட்டும். ஷிபுயா ஸ்டேஷனிலும் கசக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.)

அதை எழுதினவர் ஜேக்கப் டிஷேசர். நம் பாஷையில் யாக்கோபு. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் அவர் வளர்ந்த சிற்றூரின் பேர் என்ன தெரியுமா? மெட்ராஸ்! நம் பட்டணத்திலிருந்து போன துணியினால் அந்தப் பேர் வந்தது என்று சொல்வார்கள். தேவபக்தியுள்ள வீடு, ஆனால் மகன் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தார். பேர்ல் துறைமுகச் செய்தி வந்த அன்றைக்குச் சமையற்கட்டு வேலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கிழங்கைச் சுவரில் ஓங்கி அடித்து, இதற்கு ஜப்பான்காரன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று கத்தினாராம். ஃபுச்சிடா அங்கே குண்டு போட, இங்கே டிஷேசர் மனசில் நெருப்புப் பற்றியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

1942 ஏப்ரல் 18 இல், டூலிட்டில் என்பவர் தலைமையில் பதினாறு விமானங்களில் எண்பது பேர் ஜப்பானின்மேல் குண்டு போடப் போனார்கள். கடைசி விமானத்தில் குண்டு வீசும் பொறுப்பு டிஷேசருக்கு. நகோயா பட்டணத்தின்மேல் போட்டார். எரிபொருள் தீர்ந்து, சீனாவில் ஜப்பானியர் கைவசமிருந்த பகுதியில் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார். பிடிபட்ட எட்டுப் பேரில் மூன்று பேரை அந்த அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் 1943 டிசம்பரில் சிறையிலேயே பட்டினியாலும் வியாதியாலும் இறந்தார். நான்கு பேர் மிஞ்சினார்கள். டிஷேசர் நாற்பது மாதம் சிறையில் இருந்தார். அதில் முப்பத்துநாலு மாதம் தனிக்கொட்டடி. பேச ஆளில்லை. பேன், பசி, உதை. பகையைத்தவிர வேறொன்றும் உள்ளே இல்லை.

அந்தத் தோழர் இறந்த பிறகு கைதிகளுக்குச் சில புத்தகங்கள் கொடுத்தார்கள். அதில் ஒரு வேதாகமம். நான்கு பேருக்கும் அது ஒன்றுதான். மற்ற மூவரும் அதிகாரிகள், இவர் மட்டும் கீழ் ரேங்க். ஆகவே கடைசி முறை இவருக்கு. அதுவும் மூன்றே வாரம்! 1944 மே மாதம் கைக்கு வந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் மூன்று வாரமும் வாசித்தார், மனப்பாடம் செய்தார். ஜூன் 8 ஆம் தேதி, ரோமர் 10:9 இல் வந்து நின்றபோது, அந்தக் கொட்டடியிலேயே தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். பிரசங்கி இல்லை, பாட்டு இல்லை, கீபோர்டு இல்லை, கை வைத்து ஜெபிக்க ஒரு மனுஷன் இல்லை. நம் வீட்டில் எத்தனை வேதாகமம் இருக்கிறது, எண்ணிப் பாருங்க.

இப்போதுதான் சோதனை வந்தது. இரட்சிக்கப்பட்ட கொஞ்ச நாளில் ஒரு காவலாளி இவரை அறைக்குள் தள்ளி, கதவை அவர் கால்மேல் அறைந்து சாத்தினான். காலை இழுக்கவிடாமல் ஆணியடித்த பூட்ஸால் அந்தப் பாதத்தை உதைத்தான். மத்தேயு 5:44 மனப்பாடம்தான், ஆனால் கால் வலிக்கிறதே! மறுநாள் காலையில் அந்தக் காவலாளி வந்தபோது, டிஷேசர் அவனுடைய பாஷையில் மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார். இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவன் பார்த்தான். அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒருநாள் அந்தக் காவலாளி கதவைத் திறந்து எதையோ நீட்டினான். ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

1941 இல் கோபத்தில் சுவரிலே அடிக்கப்பட்டது ஒரு கிழங்கு. 1944 இல் எதிராளியின் கையிலிருந்து வந்தது ஒரு கிழங்கு. இந்த இரண்டு கிழங்குக்கும் நடுவிலே இருக்கிற தூரந்தான் இரட்சிப்பு என்று நான் சொல்லுவேன். அல்லேலூயா!

1945 ஆகஸ்டில் விடுதலையானார். ஊருக்குப் போய் வேதாகமக் கல்வி கற்று, 1948 டிசம்பர் கடைசியில் மிஷனெரியாக ஜப்பானுக்கே திரும்பினார். அவர் வந்து சேருமுன்னே அவர் சாட்சி கைப்பிரதியாக அந்தத் தேசத்தில் இலட்சக்கணக்கில் பரவியிருந்தது. அதில் ஒன்றுதான் ஷிபுயாவில் ஃபுச்சிடாவின் கைக்கு வந்தது.

அவர் அதை வாசித்தார். பெகி கோவெல்லின் புதிரே மறுபடியும் எதிரில் நிற்கிறது! இந்த ஜனங்களுக்கு எங்கிருந்து இது வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு புதிய ஏற்பாட்டை வாங்கினார். உடனே வாசித்துவிடவில்லை. 1949 செப்டம்பரில்தான் லூக்கா 23 ஆம் அதிகாரத்துக்கு வந்தார். உங்கள் வேதாகமத்தை எடுத்து 34 ஆம் வசனத்தை வாசியுங்கள். ஆணி அறைகிற சத்தத்தின் நடுவே, அறைகிறவர்களுக்காகவே ஆண்டவர் வேண்டிக்கொள்கிறார். அங்கேதான் ஃபுச்சிடாவுக்குப் புதிர் அவிழ்ந்தது. பெகியின் பெற்றோர் காட்டுக்குள் என்ன ஜெபித்திருப்பார்கள் என்று அவருக்கு விளங்கிற்று. அந்த வேண்டுதலில் தானும் அடக்கம், பேர்ல் துறைமுகத்தின்மேல் பறந்த தானும், ஈஸ்டர் காலையில் கொழும்பின்மேல் பறந்த தானும் அடக்கம் என்று கண்டார். 1950 இல் டிஷேசரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். அந்த வருஷமே இருவரும் ஒரே மேடையில் நின்று சாட்சி சொன்னார்கள்.

இதைக் கவனியுங்கள். இரண்டு தேசங்களும் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது 1951 செப்டம்பரில்தான். அரசாங்கங்கள் மேஜை போடுவதற்கு ஒரு வருஷம் முன்னே, இந்த இரண்டு குண்டுக்காரர்களும் சகோதரர்களாகிவிட்டார்கள்!

அந்த மாநாட்டில் இலங்கைக்காகப் பேசினவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா. கொழும்பில் விழுந்த குண்டுக்கு எங்களுக்கு நஷ்டஈடு வேண்டாம் என்று சொன்னார். உலகமே மெச்சிற்று, நியாயந்தான். ஆனால் அதே மனுஷன் ஜனாதிபதியாயிருந்தபோதுதான் 1983 ஜூலை நடந்தது. தமிழருடைய வீடும் கடையும் உயிரும் எரிந்தது. கடலுக்கு அப்பாலிருக்கிற எதிரியை மன்னிக்கிறது சுலபம். அடுத்த வீட்டுக்காரனிடத்தில்தான் நம் சாயம் வெளுக்கிறது.

இப்போது கெண்டாவுக்கு வருவோம். அவரும் பெரிய ஆள்தான். ஜப்பானின் புதிய விமானப் படையில் சேர்ந்து அதற்கே தலைவரானார். 1962 இல் அவர்கள் பாராளுமன்றத்தின் மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு இருபத்துநாலு வருஷம் சட்டம் இயற்றுகிறவராக இருந்தார். ஒரே வகுப்பு, ஒரே யுத்தம். ஒருவர் சபாமண்டபத்துக்குப் போனார், மற்றவர் சுவிசேஷகராய் ஊர் ஊராகப் போனார். பாராளுமன்றம் போகிறது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். யோசேப்பும் தானியேலும் ராஜ்யபாரம் செய்தவர்கள்தானே. வெளிநாடுகளில் ஊழியக்காரர்களே சட்டசபைக்குப் போகிறார்கள், சிலர் நன்றாகவும் நடந்துகொள்கிறார்கள். சட்டத்தினால் ஒருவன் கையைக் கட்டலாம். யுத்தத்தை நிறுத்தலாம், அதுவும் பெரிய காரியம். ஆனால் கால் நசுங்கினவன் மறுநாள் காலையில் வணக்கம் சொல்லும்படி எந்தச் சபையில் மசோதா கொண்டுவருவீர்கள்?

ஃபுச்சிடாவுக்கும் அந்தப் பாதை சுகமாக இல்லை. யுத்த வீரன் எதிரியின் மதத்துக்குப் போய்விட்டான் என்று அவர் ஜனங்களில் சிலர் தூஷித்தார்கள். 1952 முதல் அமெரிக்காவுக்கும் போய்ப் பேசினார். பேர்ல் துறைமுகத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தேசம் அது. அங்கே எல்லாரும் பூமாலை போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாமா? மன்னிக்க முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஏன் தெரியுமா? ஈஸ்டர் ஞாயிறு, இலங்கை என்று எழுதும்போதே உங்கள் மனசு எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஆலயங்களில் குண்டு வெடித்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், நம்மைப்போலவே கை தட்டிப் பாடுகிற தமிழ்ச் சபையில், ஓய்வுநாள் பள்ளி முடித்து வந்த சின்னப் பிள்ளைகள் மாண்டார்கள். அந்தத் தாய்மாரிடத்தில் போய், "அம்மா, மன்னித்துவிடுங்கள், வேதம் அப்படித்தான் சொல்கிறது" என்று சொல்ல நான் யார்? என் பிள்ளை வீட்டில் பத்திரமாகத் தூங்குகிறதே. மன்னிப்பைப் பற்றிப் பேச அடி வாங்காதவனுக்கு உரிமை குறைச்சல். ஃபுச்சிடாவை ஒரு பிரசங்கியும் அசைக்கவில்லை என்பதைப் பாருங்க. பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு பெண், நாற்பது மாதம் சிறையிருந்த ஒரு மனுஷன், சிலுவையில் தொங்கின நம் ஆண்டவர், இந்த மூன்று பேர்தான் அவரிடத்தில் பேசினார்கள். மூன்று பேரும் காயம் பட்டவர்கள். அந்தத் தாய்மாரில் யாராவது ஒருநாள் அந்த வார்த்தையைச் சொன்னால், நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று கேட்பேன்.

ஆனால் நமக்கு நேர்ந்ததைப் பற்றி நாம் பேசலாம் அல்லவா? அதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. வரப்பு அரை அடி தள்ளிப்போனதற்காக அண்ணனும் தம்பியும் பதினாலு வருஷம் பேசாத வீட்டை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் விசுவாசிகள். இரண்டு பேரும் அந்நியபாஷை பேசுகிறவர்கள். கூடப்பிறந்தவனிடம் பேசத்தான் பாஷை வரவில்லை. அம்மாவின் அடக்கத்தில் குழிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். கல்யாணத்தில் பத்திரிகை வைக்கவில்லை என்று மாமியார் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள், சீட்டுப் பணத் தகராறில் சபையில் எதிர் எதிர்ப் பக்கமாய் உட்காருகிற சகோதரிகள், இவர்கள் எல்லாரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திக்கொண்டு அப்பமும் ரசமும் எடுக்கிறார்கள். மத்தேயு 5 இல் 23, 24 வசனங்களை வாசித்துப் பாருங்கள். காணிக்கைத் தட்டு வரும் முன்னே எழுந்து வெளியே போக வேண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பாதியில் எழுந்து போனால் பாஸ்டர் என்ன நினைப்பாரோ என்று பயப்படாதிருங்கள். ஆராதனை முடிய எப்படியும் ஒரு மணியாகும், போய்ப் பேசிவிட்டு வந்துவிடலாம்.

முதல் நாளே கிழங்கு வராது. டிஷேசருக்கும் வரவில்லை. முதல் நாள் வந்தது முறைப்புதான். வணக்கம் சொல்லிப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான் பாஸ்டர் என்று சிலர் சொல்வீர்கள். எத்தனை நாள் சொன்னீர்கள்?

ஃபுச்சிடா 1976 மே 30 ஆம் தேதி தம் எழுபத்துமூன்றாம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். டிஷேசர் தொண்ணூற்றைந்து வயதுவரை இருந்து 2008 மார்ச்சில் மறைந்தார். ஜப்பானில் அவர் ஏறக்குறைய முப்பது வருஷம் ஊழியஞ்செய்தார். 1959 இல் புதிதாக ஒரு சபையைத் தொடங்க மனைவி பிள்ளைகளோடு இன்னொரு பட்டணத்துக்குக் குடிபோனார். அது நகோயா. முன்பு ஆகாயத்திலிருந்து பார்த்த அந்த ஊருக்குள், இந்த முறை தரைவழியாகப் போய், வீடுவீடாகக் கதவைத் தட்டினார்.